மெயில் அனுப்பும்போது ஆபீஸ் பொதுப் புத்தகத்திலிருந்து ஆளை எடுப்பதா, என் சொந்தப் புத்தகத்திலிருந்தா?

முருகன்குறிச்சி மாடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் 19 வருஷமாக வேலை பார்க்கிறேன். மாடியில் ஆபீஸ், ஆறு பேர், நானூறுக்குக் கொஞ்சம் குறைவாகப் பார்ட்டிகள். மாதம் பிறந்தால் 7ஆம் தேதி டிடிஎஸ், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, எல்லாம் வரிக்கான கடைசித் தேதிகள். இந்த மூன்று தேதிக்கு நடுவில் மெயில் மெயிலாகப் போய்க்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் இல்லை, டேலி தெரியும், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். அதனால் பதில் சொல்கிறவர்கள் கொஞ்சம் பையச் சொல்லுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆபீஸ் பெயரிலேயே டொமைன் மெயில் வாங்கினோம். அமைத்துக் கொடுத்த தம்பி மதுரைக்காரர். எங்கள் பார்ட்டி லிஸ்ட்டை எக்ஸெலில் வாங்கிக்கொண்டு போய், ஆறு பேருக்கும் பொதுவாக ஒரு முகவரிப் புத்தகம் போட்டுக் கொடுத்தார். அவுட்லுக்கில் அதற்குக் குளோபல் அட்ரஸ் லிஸ்ட் என்று பேர். நாங்கள் பொதுப் புத்தகம் என்போம். அதில் ஒரு எழுத்து திருத்த வேண்டுமென்றாலும் மதுரைக்குத்தான் போன் போட வேண்டும். நல்ல பிள்ளைதான், போனை எடுக்க மாட்டார். ஆகவே ஆளாளுக்குத் தங்கள் காண்டாக்ட்ஸில் தனியாகச் சேர்த்து வைத்துக்கொண்டோம். என்னுடையதில் மட்டும் 600க்கு மேல் இருக்கிறது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அம்பை பக்கம் ஒரு ரைஸ் மில் எங்கள் பார்ட்டி. சரக்கை ஈடு காட்டி வாங்குகிற சிசி லோன் இருப்பதால் மாதா மாதம் பேங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் போக வேண்டும். பேங்குக்கு ஒன்று, மில்லுக்கு ஒரு காப்பி, இரண்டையும் அனுப்புவது நான்தான். மில்லுக்கென்று ஆரம்பத்தில் கொடுத்திருந்தது அவர்கள் கணக்குப்பிள்ளையின் சொந்த ஜிமெயில். நான் அதை மில் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தேன். போன மார்கழியில் அவர் வேலையை விட்டுவிட்டார். முதலாளி புது முகவரி கொடுத்தார், எங்கள் ஆடிட்டர் சார் மதுரைக்குச் சொன்னார், பொதுப் புத்தகத்தில் மாற்றியாயிற்று. என் புத்தகத்தை நான் தொடவில்லை. தொட வேண்டும் என்று தோன்றவே இல்லை. 'மாத்தியாச்சு' என்று காதால் கேட்டேனே, அதோடு சரி.

தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் நான் அனுப்பிய காப்பி பழைய கணக்குப்பிள்ளைக்கே போயிருக்கிறது. பிசானம் அறுவடை நேரம் வேறு. அம்பை 16 நெல் எத்தனை மூட்டை இருப்பு, மூட்டை என்ன விலைக்கு எடுத்தது, எந்த வியாபாரிக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் அதில் உண்டு. அந்த மனிதர் இப்போது இருப்பது நாலு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மில்லில். அவரே போன் போட்டார்: "எக்கா, மூணு மாசமா எனக்கு வருது. மொத ரெண்டையும் அழிச்சிட்டேன். இங்க மொதலாளி கம்ப்யூட்டர்லதான் மெயில் பாக்கேன், இனிமே அனுப்பாதிய." நான் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேங்குக்குப் போக வேண்டியது ஒழுங்காகப் போனதால் மில் முதலாளியும் காப்பி வரவில்லையே என்று கேட்கவில்லை.

சார் ஒரு வார்த்தை திட்டவில்லை. எல்லாரும் சொந்தப் புத்தகத்தை அழித்துவிடுங்கள், பொதுப் புத்தகம் ஒன்றே போதும் என்று மட்டும் சொன்னார். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. என் புத்தகத்தில் இருக்கிற சில பேர் பொதுவில் வரக் கூடாதவர்கள். சென்னையில் இருந்துகொண்டு அப்பாவின் கணக்கைப் பார்க்கிற மகள், 'உங்க ஒருத்தங்களுக்குத்தான் இந்த அட்ரஸ்' என்று சொல்லிக் கொடுத்த பேங்க் அதிகாரி, இப்படி. அதோடு பொதுப் புத்தகம் ஒன்றும் அவ்வளவு யோக்கியமில்லை. 'ஸ்ரீ' என்று அடித்தால் பாதி திருநெல்வேலி வந்து நிற்கிறது. இசக்கி என்ற பெயரில் மட்டும் ஒன்பது பேர். சிலரை ஆங்கிலத்தில் 'ஐ'யில் தொடங்கி எழுதியிருக்கிறது, சிலரை 'இ'யில். பேச்சிமுத்துவுக்கு நடுவில் 'டி' உண்டா இல்லையா என்பது அந்தந்தப் பேச்சிமுத்துவுக்குத்தான் தெரியும்.

டூ கட்டத்தில் பெயர் அடித்தால் எந்தப் புத்தகத்தை முதலில் பார்க்க வைப்பது? இரண்டையும் வைத்துக்கொண்டு பிழைக்க வழி உண்டா?

---

தச்சநல்லூர் சர்வர் எழுதியது:

அண்ணாச்சி, வணக்கம். உங்கள் கேள்வியில் இரண்டு புத்தகம்தான் வருகிறது. உங்களைக் கவிழ்த்தது அநேகமாக மூன்றாவது ஒன்று.

டூ கட்டத்தில் இரண்டு எழுத்து அடித்ததும் கீழே ஒரு பட்டியல் தொங்குகிறதல்லவா? அதில் மேலே வந்து நிற்பது, நீங்கள் இதற்கு முன் யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களை அவுட்லுக் தானாகக் குறித்து வைத்திருக்கும் நினைவுப் பட்டியல். ஆட்டோ-கம்ப்ளீட் என்பார்கள். ஆயிரம் பேர் வரை பிடிக்கும். பொதுப் புத்தகத்தில் மாற்றினாலும், உங்கள் சொந்தப் புத்தகத்தில் மாற்றினாலும் அதற்குத் தெரியாது, பழைய முகவரியையே நீட்டும். அவுட்லுக் 2007 வரை அது கம்ப்யூட்டருக்குள் தனிக் கோப்பாக இருந்தது, மிஷினை மாற்றினால் போய்விடும். 2010இலிருந்து மெயில் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் கூடவே வந்துவிடும்.

அதனால் முதல் வேலை: தொங்குகிற பட்டியலில் மில் பெயர் வரும்போது அதன் வலது ஓரத்தில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி, அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள். மொத்தமாகக் காலி செய்ய வேண்டுமானால் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் என்று போய்க் கீழே இறங்கினால் 'எம்ப்டி ஆட்டோ-கம்ப்ளீட் லிஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். வேண்டாமென்றால் பக்கத்திலேயே டிக்கை எடுத்து அதை வேலை செய்யவிடாமலும் வைக்கலாம்.

இரண்டாவது, நீங்கள் கேட்ட வரிசை. நான் சொல்வது கம்ப்யூட்டரில் நிறுவிப் பயன்படுத்துகிற பழைய மாதிரி அவுட்லுக்குக்கு. கண்ட்ரோல்-ஷிஃப்ட்-பி (B) அழுத்தினால் முகவரிப் புத்தகம் திறக்கும். அதில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ். பொதுப் புத்தகத்தில் தொடங்கு, சொந்தக் காண்டாக்ட்ஸில் தொடங்கு, நானே வரிசை போடுகிறேன் என்று மூன்று தேர்வு உண்டு. முதல் புத்தகத்தில் ஆள் கிடைத்துவிட்டால் அடுத்ததைத் திறந்து பார்க்காது. ஆகையால் எதை முதலில் வைக்கிறீர்களோ அதுதான் பேசும். ஆனால் இந்த வரிசை வேலை செய்வது நீங்கள் பெயரை முழுசாக அடித்துக் கண்ட்ரோல்-கே அழுத்தும்போது. தொங்குகிற பட்டியலில் மேலே நிற்பதை எண்டர் தட்டி எடுத்தால் வரிசைக்கு அங்கே வேலையே இல்லை.

தண்டர்பேர்ட் என்ற மெயில் சாஃப்ட்வேரிலும் இதே கதைதான், அனுப்பிய முகவரியெல்லாம் 'கலெக்டட் அட்ரஸஸ்' என்று தனியாகச் சேரும். ஜிமெயிலில் 'அதர் காண்டாக்ட்ஸ்'. நாம் கேட்காமலே எழுதிக்கொண்டிருக்கும்.

---

முருகன்குறிச்சி மாடி எழுதியது:

அண்ணாச்சி இல்லை தம்பி, அக்கா.

நீங்கள் சொன்னபடி சும்மா இரண்டு எழுத்து அடித்துப் பார்த்தேன். மில் பெயர் இரண்டு வரியாக வந்தது. மேல் வரியும் கீழ் வரியும் பார்க்க ஒன்றுபோல இருக்கிறது, மவுஸை வைத்துப் பார்த்தால்தான் உள்ளே முகவரி வேறு. என் கை எப்போதும் மேலே இருப்பதைத்தான் எண்டர் தட்டும். 19 வருஷப் பழக்கம், கண் பார்ப்பதற்குள் விரல் தட்டிவிடுகிறது.

அப்புறம் ஒரு வேடிக்கை. அந்தப் பட்டியலில், தவறிப்போன ஒரு பார்ட்டியின் முகவரியும் இருந்தது. அவர் எங்கள் இரண்டு புத்தகத்திலும் இல்லை. அதை எடுக்க மனசு வராமல் கொஞ்ச நேரம் விட்டு வைத்து, பிறகுதான் எடுத்தேன்.

---

ஜங்ஷன் பார்ட்ஸ் எழுதியது:

நான் சொந்தப் புத்தகக் கட்சி. யாரும் சண்டைக்கு வராதீர்கள்.

ஜங்ஷனில் ஆட்டோமொபைல் பார்ட்ஸ் மொத்த வியாபாரம். கடையில் ஐந்து போன், ஐந்திலும் ஒரே கூகுள் கணக்கு. ஒருவர் சேர்த்தால் ஐந்து பேருக்கும் தெரியட்டும் என்று நான்தான் போட்டேன். நன்றாகத்தான் ஓடியது. போன வருஷம் புதிதாக வந்த பையன், 'போன்ல யாருன்னே தெரியாத பேரெல்லாம் கிடக்கு' என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து சுத்தம் செய்திருக்கிறான். அவனுக்குத் தெரியாத பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்கள். நாகர்கோவில், வள்ளியூர், திசையன்விளை ஒர்க்‌ஷாப்காரர்கள் மொத்தமாகப் போனார்கள், ஐந்து போனிலிருந்தும். அழித்தது கூகுள் காண்டாக்ட்ஸ் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், திரும்ப எடுக்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு போய்ப் பார்த்தபோது தொட்டி காலி.

அன்றிலிருந்து என் ஆட்கள் என் தனிக் கணக்கில். மேடம், உங்கள் சார் சொல்கிற மாதிரி சொந்தப் புத்தகத்தை அழித்துவிடாதீர்கள். மூன்று மாதம் தப்பாகப் போனது கஷ்டம்தான், ஆனால் அது ஒரு பார்ட்டி.

---

மூன்றாம் மேசை எழுதியது:

அக்கா, நான் பாளையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறேன். அதற்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியில் லோட்டஸ் நோட்ஸ் என்ற பழைய மெயில் சாஃப்ட்வேர் காலத்து ஆள். அதிலும் இந்தக் கேள்வி இருந்தது: முதலில் பொருந்துகிற பெயரோடு நிறுத்திக்கொள்ளலாமா, எல்லாப் புத்தகத்தையும் தேடிக் காட்டலாமா என்று அமைப்பிலேயே கேட்கும். நாங்கள் இரண்டாவதைத்தான் வைத்திருந்தோம். கொஞ்சம் மெதுவாக இருக்கும், ஆனால் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் 'இவரா, அவரா' என்று கேட்டுவிட்டுத்தான் போகும்.

பார்ட்ஸ் கடை அண்ணாச்சி சொல்வதில் பாதி சரி. அவர் கடையில் கெட்டது, ஐந்து பேரும் அழிக்கலாம் என்று விட்டதால். அக்கா ஆபீஸில் கெட்டது, ஆறு பேரில் ஒருவரும் திருத்த முடியாது என்று வைத்ததால். இடையில் ஒரு வழி உண்டு: மதுரைத் தம்பியிடம் சொன்னால், முகவரிகளை மட்டும் சேர்க்க, திருத்த என்று ஒருவருக்குத் தனி அதிகாரம் கொடுக்கலாம். முழுச் சாவியும் கொடுக்க வேண்டியதில்லை. அதை வாங்கி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரை எதில் வைப்பது என்பதற்கு நான் ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன். நீங்கள் ஒரு வாரம் லீவு போட்டால் அந்த ஆளுக்கு வேறு யாராவது மெயில் அனுப்ப வேண்டி வருமா? வரும் என்றால் பொது. மில் அப்படித்தான். சென்னை மகள் அப்படியில்லை, அவர் உங்களிடமே இருக்கட்டும்.

அப்புறம் குரூப். இதை யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன். சொந்தப் புத்தகத்தில் 'ஜிஎஸ்டி பார்ட்டி' என்று குரூப் வைத்திருக்கிறீர்களா? அதற்குள் இருப்பது முகவரியின் நகல். வெளியே ஆளின் முகவரியை மாற்றினாலும் குரூப்பைத் திறந்து 'அப்டேட் நவ்' கொடுக்காதவரை உள்ளே பழையதே கிடக்கும். இன்னொன்று, சொந்தக் குரூப்பை டூவில் போட்டு அனுப்பினால் பெறுகிறவருக்குக் குரூப் பெயர் தெரியாது, உள்ளே இருக்கும் அத்தனை பேரின் முகவரியும் விரிந்து தெரியும். பொதுவில் சர்வரில் போடுகிற குரூப் என்றால் பெயர் மட்டும் தெரியும், ஒருவர் விலகினால் ஒரு இடத்தில் எடுத்தால் போதும். எங்கள் கல்லூரியில் ஒருவர் சொந்தக் குரூப்பை டூவில் வைத்து நோட்டீஸ் அனுப்பி, 70 பேரும் ஒருவருக்கொருவர் 'ரிப்ளை ஆல்' போட்டு மதியம் வரை வேலையே நடக்கவில்லை. ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் அனுப்பப் பிசிசி என்று ஒரு கட்டம் சும்மாவா இருக்கிறது?

உங்கள் ஆபீஸிலேயே வேலையை விட்டுப் போனவர் திரும்ப வந்து சேர்ந்து, அவருக்குப் புதுப் பெட்டி திறந்தீர்களானால் அதையும் கவனியுங்கள். மெயில் முகவரி ஒன்றேதான், ஆனால் நினைவுப் பட்டியலில் இருக்கும் பழைய பெயரைத் தட்டினால் திரும்பி வரும். ஐஎம்சிஇஏஇஎக்ஸ் என்று தொடங்குகிற நீளமான ஒரு பிழையோடு வரும். காரணம், ஆபீஸுக்குள் இருப்பவர்களை அவுட்லுக் மெயில் முகவரியாக இல்லாமல் உள்ளடையாளமாக நினைவு வைத்திருக்கும். அந்த வரியை அழித்துவிட்டுப் பொதுப் புத்தகத்திலிருந்து எடுத்தால் சரியாகிவிடும்.

---

முருகன்குறிச்சி மாடி எழுதியது:

20ஆம் தேதி கழியட்டும் என்று இருந்தேன். முடிந்தது, எழுதுகிறேன்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு முதலில் என் புத்தகத்தை எக்ஸெலில் இறக்கிப் பொதுப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தோம். என்னுடையதில் மொத்தம் 612. அதில் 344 பொதுவில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒன்று. 227 என்னிடம் மட்டும் உள்ளவை. மீதி 41 பேர் இரண்டிலும் இருக்கிறார்கள், முகவரி வேறு வேறு.

அந்த 41 பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டோம். நான் பயந்துகொண்டே இருந்தேன், எல்லாம் என் தப்பாக இருக்குமோ என்று. 15 பேருக்குப் பொதுப் புத்தகம் சரி. 3 பேருக்கு இரண்டுமே தப்பு, அதில் ஒரு கம்பெனியையே மூடிவிட்டார்கள். 23 பேருக்கு என் புத்தகம் சரி! பார்ட்டி எனக்குப் போனில் சொல்வார், நான் எனக்கு மட்டும் மாற்றிக்கொள்வேன், மதுரைக்கு யார் போன் போடுவது என்று விட்டுவிடுவேன். சார் சொன்னபடி அன்றைக்கே அழித்திருந்தால் இந்த 23ம் போயிருக்கும். இதைச் சாரிடம் காட்டினேன். பேப்பரை இரண்டு தடவை பார்த்துவிட்டு, 'சரி, அழிக்க வேண்டாம்' என்றார்.

திருத்துகிற அதிகாரம் இப்போது என்னிடம். மதுரைத் தம்பி இரண்டே நாளில் போட்டுக் கொடுத்தார். அவருக்கும் நிம்மதி போல. நான் மாற்றினால் மற்ற ஐந்து பேர் கம்ப்யூட்டரில் தெரிய ஒரு நாள் வரை ஆகலாமாம், அதன் நகல் ஒன்று அந்தந்த மிஷினில் இறங்கி வர வேண்டும். முதல் நாள் இது தெரியாமல், மாற்றியது மாறவில்லையே என்று மூன்று தடவை மாற்றினேன். இப்போது மாற்றியதும் வாசல் பக்கம் தொங்குகிற போர்டில் சாக்பீஸால் பார்ட்டி பெயரை எழுதிவிடுகிறேன். மறுநாள் அழிப்பேன்.

வரிசையில் பொதுப் புத்தகத்தை முதலில் வைத்தாயிற்று. பொதுவுக்குப் போன 412 பெயரையும் என் காண்டாக்ட்ஸிலிருந்து எடுத்துவிட்டேன். (344, 41, அப்புறம் 227இல் வேறு யாரும் எழுத வேண்டி வரக்கூடிய 27 பேர், அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான்.) மீதி 200 பேர் என்னிடமே இருக்கிறார்கள். இரண்டிலும் ஒரு ஆள் இருக்கக் கூடாது என்பதுதான் இப்போது எங்கள் கட்டுப்பாடு. குரூப் இரண்டு வைத்திருந்தேன், இரண்டிலும் கடையை விற்றுவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். மூன்றாம் மேசைத் தம்பிக்கு நன்றி.

பெயருக்கு நாங்களே ஒன்று செய்தோம். காட்டுகிற பெயரை ஊரில் தொடங்கும்படி மாற்றிவிட்டோம். அம்பை, பிறகு மில் பெயர். பத்தமடை, பிறகு பாய்க் கடை. ஊரை அடித்தால் அந்த ஊர்ப் பார்ட்டிகள் மட்டும் வருகிறார்கள். ஸ்ரீ தொல்லை போயிற்று. நம் பக்கத்தில் யாரைப் பற்றிக் கேட்டாலும் முதல் கேள்வி 'எந்த ஊர்க்காரர்' என்பதுதானே, இதை முதலிலேயே செய்திருக்கலாம். வீரவநல்லூரை மட்டும் ஆங்கிலத்தில் ஆறு பேரும் ஆறு விதமாக அடிக்கிறார்கள், அதற்கு ஒரு எழுத்துமுறை முடிவு செய்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறோம்.

நினைவுப் பட்டியலை ஐந்து கம்ப்யூட்டரில் காலி செய்தாயிற்று. சார் கம்ப்யூட்டரில் மட்டும் கை வைக்கவிடவில்லை. 'எனக்கு ரெண்டு எழுத்து அடிச்சா வரணும்மா' என்கிறார். நேற்று அவர் அனுப்பிய ஒன்று கடையம் இசக்கிக்குப் போக வேண்டியது, களக்காடு இசக்கிக்குப் போனது. நல்லவேளை, அது வெறும் லீவு அறிவிப்பு.

மில் முதலாளியிடம் சார் நேரிலேயே போய் நடந்ததைச் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன், வண்டியில் போகும்போது சார் ஒன்றுமே பேசவில்லை. முதலாளி முழுசும் கேட்டார். காபி வந்தது. குடித்து முடித்துவிட்டு, "போனது போச்சு. அந்த மில்லு கணக்கு யாருக்குய்யா தப்பா போகுது, அதச் சொல்லுங்க" என்றார்.